மடங்காத சுண்டுவிரல்

ஆட்காட்டி விரல் மடங்கிவிட்டது. நடுவிரலும் மடங்கியாயிற்று. மோதிர விரலைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, திரையில் இருக்கும் வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார். மதியச் சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடக்கிறது. எங்கள் அச்சகத்தில் இந்தப் பெண்மணிக்கு ‘நாலு விரல்’ என்று பெயர். வைத்தது நான்தான்.

சம்பளத்துக்குப் பார்ப்பது மெய்ப்புத் திருத்தும் வேலை. சம்பளமில்லாமல் பார்ப்பது, யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவிக்கொள்ளும் ஒரு கட்டற்ற மென்பொருள் தொகுப்புக்குக் காவல். அதற்குள் எந்த நிரல் நுழைய வந்தாலும் உரிமத்தை இவர் படித்துத் தலையாட்ட வேண்டும். பயன்படுத்தலாமா, பிரித்துப் பார்க்கலாமா, மாற்றலாமா, மாற்றியதைப் பிறருக்குத் தரலாமா. நான்கு அனுமதிக்கு நான்கு விரல். ஒன்று நிமிர்ந்து நின்றாலும் நிரல் வாசலோடு சரி. பேருந்துச் சீட்டின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர் வேறு எப்படி இருப்பார்?

போன வாரம் வாசலில் நின்றது ஒரு கோடெக். சுருக்கி வைத்த ஒலிக்கோப்பைப் பிரித்துக் காதுக்குத் தரும் நிரல். இவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. பார்வையற்றோர் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். அங்கே நாற்பது கணினிகளிலும் தங்கையின் தொகுப்புதான். பாடங்கள் எல்லாம் அந்தப் பழைய ஒலி வடிவில் பதிவானவை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குப் புதிய பதிப்பில் சேரும் நிரல்களின் பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் கோடெக் சேராவிட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு அந்தக் கணினிகளுக்கு வாய் கிடையாது.

கோடெக்கை எழுதியவர் ஓய்வுபெற்ற பொறியாளர், தங்கமான மனிதர். அனுமதி கேட்டதும், “யார் வேணும்னாலும் தாராளமா யூஸ் பண்ணிக்கோங்கம்மா” என்று பதில் எழுதினார். ஒரு விரல் மடங்கியது. நன்றி சொல்லித் திரும்பக் கேட்டார் நம்மவர். இரண்டாவது கடிதத்தில், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று வந்தது. சுண்டுவிரல் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

தொகுப்பைப் பராமரிப்பவர்களின் மடற்குழுவில் ஒருவர், “தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறீங்களே” என்று குத்தினார்.

“மாடு என் வீட்டுலயே நின்னா பார்க்க மாட்டேங்க. நாளைக்கு ஊரெல்லாம் போகப்போகுது” என்று பதில் போனது.

இதற்குப் பின்னால் ஒரு சூடு உண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு வேறொரு கோடெக்கை வாய்வார்த்தையை நம்பி உள்ளே விட்டவர் இவரேதான். பிறகு அதன் உரிமையை ஒரு நிறுவனம் வாங்கியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. அடித்துப் பிடித்து நீக்கினார்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் அண்ணனின் வகுப்பறைக் கணினிகள் ஊமையாயின. அதை இவர் சொல்லக் கேட்ட நாளிலிருந்து விரல்களைப் பற்றி நான் கேலி பேசுவதில்லை.

வியாழக்கிழமை அண்ணன் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“ஒரு விரல்தானே, மடக்கிடேன். அந்த மனுஷன் என்ன கோர்ட்டுக்கா போகப்போறார்?”

“அவர் போக மாட்டார்ண்ணே. அவருக்கப்புறம் அது யார் கைக்குப் போகும்னு உனக்குத் தெரியுமா?”

“பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“பாதியில பிடுங்கறதுக்காக மறுபடி உள்ள விட மாட்டேன். அதைச் சொல்லு.”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. தங்கைக்கும் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்தக் கண்ணோடேயே மூன்றாவது கடிதத்தை அடித்தார்: ‘மாற்றியதைப் பிறருக்குத் தரலாமா ஐயா? ஒரு வரி எழுதினால் போதும்.’

வெள்ளிக்கிழமையும் அண்ணன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் திருத்த வேண்டிய பக்கத்தை மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. நாலே முக்காலுக்குப் பதில் வந்தது. தங்கை வழக்கம்போல வாய்க்குள்ளேயே படிக்கத் தொடங்கினார், இடது கையை மேசைமேல் விரித்து வைத்தபடி.

அண்ணன் மேசையைத் தடவிக்கொண்டே போய் அந்தக் கையைக் கண்டுபிடித்தார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஆட்காட்டி, நடு, மோதிரம். சுண்டுவிரலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடியிருந்த அந்தக் கையை அப்படியே தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.