மூன்றாம் எண் வீடு

எழுபதுகளில் திருப்பதியில் எம்.ஏ. சமூகவியல் படித்தேன். சாதியும் சமூக நீதியும் பற்றிப் பாடம் எடுத்த சாருக்குத் தீண்டாமை என்று சொல்லும்போதே தொண்டை கம்மும். வகுப்பே உருகும். நானும் உருகினேன், வெட்கக்கேடு.

ஒருநாள் ஒரு சந்தேகம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஊரைக் கேட்டார். புத்தூர், எங்கள் நைனா மிஷன் பள்ளியில் வாத்தியார் என்றேன். எங்கள் பக்கத்தில் சாதியைக் கண்டுபிடிக்க அது போதும்.

“பின்பக்கமா வாம்மா. காபி குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி அந்த மாடத்துலயே கவுத்துடு.”

நசுங்கிய அலுமினிய டம்ளர். துவைக்கும் கல்லருகே நின்று குடித்தேன். ஜன்னலுக்குள் சார் என்னைப் பார்த்தார், பிறகு பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் காபியைக் கீழே ஊற்றாமல் குடித்ததற்காக என்னையே பல நாள் திட்டிக்கொண்டேன்.

கள ஆய்வுக்குப் பத்து வீடுகளைப் பற்றி எழுத வேண்டும். பெயர் கூடாது, எண் மட்டும் என்பது அவர் போட்ட விதி. மூன்றாம் எண்ணாக அவர் வீட்டையே எழுதினேன். வீட்டுத் தலைவர் விரிவுரையாளர், சமூக நீதி கற்பிப்பவர். கல், மாடம், டம்ளரின் நசுங்கல், எதையும் விடவில்லை.

அவர் படித்துவிட்டால் என் படிப்பு அன்றோடு முடிந்தது. ஆனால் என் நோட்டை அவர் தொடமாட்டார். மேசைமேல் நான் விரித்துப் பிடிக்க, பேனா மட்டும் நீளும். அந்தக் காபி வரை அதை அவசரம் என்றே நினைத்திருந்தேன். அன்று பக்கங்களை நானே வேகமாகத் திருப்பினேன். மூன்றாம் வீட்டின் கீழும் கையெழுத்து விழுந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த அம்மையார் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். பக்கத்து நாற்காலியில் சாருக்கு வேர்த்துக் கொட்டியது.

“சரிபார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

படிக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வார்? “அவுனு மேடம். எல்லாம் சரிதான்.”

அம்மையார் என் பக்கம் திரும்பினார். “இந்த விரிவுரையாளர் இன்னும் பாடம் எடுக்கிறாரா?”

“எடுத்துக்கினுதான் கீறாரு மேடம்.” பதற்றத்தில் ஊர்ப்பேச்சே வந்துவிட்டது. சார் தலை நிமிரவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

முதல் வகுப்பில் தேறினேன். அடுத்த ஞாயிறு எங்கள் மிஷன் கோயிலில் ஜெபம் சொல்லும்போது, குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அம்மா முழங்கையால் இடித்தாள். நான் திறக்கவில்லை.