கிணற்றில் விட்டுவைத்த தண்ணீர்

கண்ணாயி பிறந்து வளர்ந்தது மலைமேல் இருக்கும் கரடியூரில். அங்கே ஊற்றுத் தண்ணீருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டியதை மொண்டுகொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். நாளைக்குப் போனாலும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். மலையை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியும் அந்தப் புத்தி மட்டும் அவளை விட்டு இறங்கவில்லை. அதுதான் அவள் குடியைக் கெடுத்தது.

அடிவாரத்தில் அவளுக்கும் புருஷன் சித்தனுக்கும் இருப்பது ஒரு பருத்திக் காடும் பாதிக் கிணறும். மறுபாதி பக்கத்துக் காட்டுப் பெரியசாமிக்கு. இன்றைக்கு இவர்கள் முறை என்றால் நாளைக்கு அவர் முறை. முறைக்காரர் மோட்டாரைப் போட்டுக் கிணறு வற்றும்வரை இறைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது. எந்தக் காலத்திலோ யாரோ பேசி வைத்தது.

வருடா வருடம் சித்திரை வெயிலில், பருத்தி காய் பிடிக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் கைவிட்டுவிடும். போன வருடம் அப்படிக் காய்ந்தபோதே சித்தன் சொல்லிவிட்டான்.

"இன்னொருக்கா இப்புடிப் போச்சுன்னா காட்ட வித்துப்போட்டு மறுபடி எஸ்டேட்டு வேலைக்கே போயிரலாம் புள்ள."

கண்ணாயிக்கு அந்தப் பேச்சே ஆகாது. எஸ்டேட் லயத்து ஒற்றை அறை வீட்டில் கிடந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய காடு அது.

அதனால்தான் வேளாண்மை ஆபீஸ் சிவரஞ்சனி வந்து சொட்டுநீர் போடச் சொன்னபோது உடனே தலையாட்டினாள். "பாதித் தண்ணி போதுங்கக்கா. மீதி கிணத்துலயே இருக்கும்," என்றாள் சிவரஞ்சனி. பங்குக் கிணறா என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சங்கதி என்றே இவளுக்குத் தோன்றவில்லை, என்னத்தைச் சொல்ல!

மாசியில் ஊன்றிய பருத்தி சொட்டுநீர் டியூப் ஓரமாகத் தளதளவென்று வந்தது. தன் முறையில் செடிக்குப் போதுமானது போனதும் கண்ணாயி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். மீதித் தண்ணீர் அசையாமல் நிற்கும். இருக்கட்டும், சித்திரைக்கு ஆகும் என்று நிம்மதியாகப் போவாள். தரிசாகக் கிடந்த பெரியசாமியின் மேட்டுக் காட்டில் திடீரென்று வாழை நின்றது. நன்றாக வந்திருக்கிறதே என்று பாராட்டிவிட்டு வேறு வந்தாள் பாவி.

சித்திரை பிறந்தது. அவள் முறையன்று மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் காற்றை இழுத்தது. அடுத்த முறையும் அதே கதை. செடிகள் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போட்டன. பெரியசாமியிடம் போய் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, நான் மிச்சம் புடிச்ச தண்ணியெல்லாம் வாழைக்கு உட்டுட்டீங்களே?"

"என்ற முறையில கெணத்துல கெடந்தத எடுத்தனுங்க அம்மணி. உன்ற முறையில நானு மோட்டாரத் தொட்டனா?"

தொடவில்லைதான். அவள் திரும்பி வந்தாள்.

பிறகு ஒருநாள் மலைமேல் நல்ல மழை. அடிவாரத்தில் ஒரு தூறல் இல்லை, ஆனால் கிணற்றில் ஊற்றுப் பிடித்தது. விடிந்தால் அவள் முறை. சொட்டுநீரில் விட்டால் சித்திரை முழுக்கத் தாங்கும் தண்ணீர். ஆனால் மிச்சம் விட்டால் மறுநாள் அது வாழைக்குத்தானே போகும்? விடிந்ததும் கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு டியூப்பையெல்லாம் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். சித்தன் தடுக்கத் தடுக்க வாய்க்கால் வெட்டித் திறந்துவிட்டாள். மோட்டார் சேற்றை இழுக்கும்வரை ஓடியது. காடு குளமாக நின்றது.

காய்ந்து கிடந்த செடி அவ்வளவு தண்ணீரைத் தாங்குமா? அந்த வாரத்திலேயே சப்பை மொட்டும் பிஞ்சும் பொலபொலவென்று கொட்டின. கண்ணாயி குனிந்து பொறுக்கி மடியில் போட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சித்தன் காட்டை விலை பேசச் சொல்லித் தரகரைப் பார்க்கக் கிளம்பினான்.

கிணற்றின் எதிர்க்கரையில் பெரியசாமி நின்றிருந்தார். அவர் வாழையும் கருகிக் கொண்டிருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் உட்டு வெச்சிருக்கப் படாதா?"

"உட்டு வெச்சுத்தானுங்ண்ணா பார்த்தேன்."

இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. காடு வாங்க வருகிறவன் முதலில் இதைத்தான் எட்டிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.