கை நனைத்த பிறகும் மறுத்தவர்

சரோஜா அக்கா போய்விட்டார் என்று ஆட்டோ முருகேசன் வந்து சொன்னபோது, நான் மகனுக்கு இருமல் மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். "விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சிம்மா." மருந்து பாதி பிள்ளையின் சட்டையில் வழிந்தது. அழுகை வரவில்லை. இனி எங்கள் இல்லத்துச் சிறுமி வள்ளியின் விஷயத்தை யார் பார்ப்பது என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவோடு பழகிய நீங்கள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.

விருத்தாசலம் ஜங்ஷனில் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்காக அக்கா நடத்திய இல்லத்தில், கல்லூரி முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தேடி வரும் உறவினரோடு எந்தப் பிள்ளையையும் அவர் உடனே அனுப்பமாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் முடிவு சொல்வார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லையாம். பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டு அழுத ஒரு தகப்பனை நம்பி மகனை அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நாளில் அதே பிள்ளை ஒரு பீங்கான் கம்பெனியில் மண் சுமந்துகொண்டிருந்தான். "அழுவுறதுக்கு ஒரு நிமிஷம் போதும்டி. தெனமும் சோறு போடுறவங்களான்னு அடுப்படியிலதான் தெரியும்" என்பார்.

நம் பக்கத்தில் ஒரு காரியமாகப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். மறுக்க நினைப்பவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். அக்கா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "புள்ள எங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்பார். எத்தனை வீட்டில் ஏச்சு! முருகேசன்கூட, "இன்னிக்கு எந்த வூட்டுச் சோத்துக்கு வேட்டு வைக்கப் போறீங்க?" என்று சீண்டுவார். "உன் வூட்டுக்குத்தான். பொண்டாட்டிகிட்ட மீன் வாங்கிவைக்கச் சொல்லு" என்று ஏறி உட்காருவார் அக்கா. நான் கூனிக்குறுகினால், "நம்மள திட்டுனா திட்டிட்டுப் போறாங்க. புள்ள அடி வாங்குறத விட இது லேசுதான?" என்பார்.

வள்ளியின் தாய்மாமன் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். தாயில்லாப் பெண் காணாமல் போனதிலிருந்து ஊர் கேவலமாகப் பேசுகிறது என்று அவளைக் கேட்டு இல்லத்துக்கு நடையாய் நடந்தார். அக்கா அந்த வீட்டுக்குப் போவதாக இருந்தது. அக்காவின் காரியம் முடிந்ததும் இல்லத்துப் பெரியவர்கள், "மாமன்தானம்மா, அனுப்பிடலாம்" என்றார்கள். வள்ளி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மகனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமன் ஊருக்குப் பஸ் ஏறினேன். மாமன் மனைவி இலை போட்டார். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். சிணுங்கிய என் மகனை வாங்கி மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தார். இந்தக் கையை எப்படிச் சந்தேகப்படுவது? வேண்டாத வேலையாக வந்துவிட்டோமோ என்று இருந்தது.

"வள்ளி இருந்தவரைக்கும் நான் கொல்லப்பக்கமே போனதில்லீங்க" என்றார் அவராகவே. "சாணி அள்ளுறது, தண்ணி தூக்குறது எல்லாம் அதுதான். இப்ப பாருங்க, என் கைய."

"ஸ்கூலுக்கு?"

"அது எங்க போவும்? வேல கெடக்குதே."

"எங்க உக்காந்து சாப்பிடும்?"

"மாட்டுக் கொட்டாயிலதான். எல்லாரும் தின்னப்புறம் இருக்குறத எடுத்துக்கும்." அவர் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கை கழுவிவிட்டு மாமனிடம் சொன்னேன், "வள்ளி எங்ககிட்டயே இருந்து படிக்கட்டுங்க."

"தின்ன கை காயல, அதுக்குள்ள ஏழர இழுக்குறியே! நீயும் ஒரு புள்ள பெத்தவதான?" என்று அழுதபடி மாமன் மனைவி தெருவுக்கு வந்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. மகனை அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இன்றும் மனம் ஒரு நிலையில் இல்லை. என் பிள்ளையை அத்தனை பதமாகத் தூங்கவைத்தவரைத் தெருவில் அழவிட்டு வந்தேன். அக்கா இருந்தால் சரியா தப்பா என்று கேட்டிருப்பேன். கேட்க ஆளில்லை. அன்று திரும்பியபோது இல்லத்து வாசலில் வள்ளி நின்றிருந்தாள். "நான் போவணுமாக்கா?" என்றாள். "வேணாம்" என்றேன். இந்த ஒரு சொல்லைச் சாப்பிட்ட வீட்டிலேயே நின்று சொல்லும் தைரியம்தான் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. சொல்லும்போது கால் நடுங்குகிறது. அவருக்கும் நடுங்கியிருக்குமோ என்னவோ, நான் கேட்டதில்லை.