காதர் பாயின் மூன்று மாத டெஸ்ட்

1. பாஸ் ஆக வந்த கூட்டம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் குரோம்பேட்டையில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அஸ்தினாபுரத்திலிருந்து விடியும்போதே கிளம்பி வந்து ஷட்டரைத் தூக்குவேன். அதற்குள் வாசலில் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் நிற்கும். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்கு மேலே போனால் டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டு லேசாகக் கிடுகிடுக்கும். இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் அந்தக் காலை நேரங்களுக்காக மனசு ஏங்கத்தான் செய்கிறது.

எனக்குப் பிடித்த கூட்டம்தான். ஆனால் மகா ஃபிராடு கூட்டம். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து பாகற்காய் ஜூஸ், வெள்ளரிக்காய், ஏரிக்கரையில் வேக வேகமாக நடை. ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஃபாஸ்டிங் சுகர் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் நேராக எதிரே இருந்த ஸ்வீட் ஸ்டாலுக்குப் போய் ஜாங்கிரி சாப்பிடுவார்கள். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. சுகர் டெஸ்டை ஸ்கூல் பரீட்சை மாதிரி நினைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் காதர் பாய். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்தவர். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவருடைய அத்தா, அதாவது அப்பா, சர்க்கரை முற்றி இறந்தவர். அண்ணனுக்கு அதே சர்க்கரையால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். அதனால் பாய் வருடத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து பார்த்துக்கொள்வார். லேபில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் அவருக்கு 'சிஸ்டர்'.

"இன்னா சிஸ்டர், பாஸா?"

"பாஸ்தான் பாய். நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்டல. உங்களுக்கோசரம் பட்டினி."

"முந்தாநாளுக்கு முந்தாநாள்?"

"அதெல்லாம் ரத்தத்துல தெரியுமா இன்னா?" என்று சிரிப்பார். "அப்டியே தெரிஞ்சாலும் இன்னா பண்றது? எங்க வம்சத்துல ஜீன் அப்டி. நாப்பத தாண்டுனா வரும். வர்றதுக்குள்ள நல்லா துன்னுக்கணும்."

பரோட்டா, சால்னா, சர்க்கரை தூக்கலாக நாளெல்லாம் டீ. ராத்திரி கடையை மூடியபிறகும் சிநேகிதர்களோடு அரட்டை. தூக்கம் ரொம்பக் குறைவு. இதையெல்லாம் அவரே பெருமையாகச் சொல்வார். ஜாலியான மனிதர். கோபப்படவும் முடியாது.

2. பொய் சொல்லாத டெஸ்ட்

ஒருநாள் பாய் சிரிக்காமல் வந்தார். கூடவே அவருடைய அக்கா நூர்ஜஹானும் வந்திருந்தார். தாம்பரத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர். அம்மா முன்னாடியே காலமானதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கும் சர்க்கரை வந்து, இரண்டு கிட்னியும் பழுதாகி, டயாலிசிஸில் இருந்தார். முகமெல்லாம் வீங்கி இருந்தது. பாயின் ரத்த குரூப் பொருந்திவிட்டது. கிட்னி தருவதாகச் சொல்லிவிட்டார். கிட்னி தருகிறவருக்குச் சர்க்கரை இருக்கக் கூடாது. அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

வழக்கம்போலப் பட்டினி கிடந்து வந்திருந்தார். ஃபாஸ்டிங் நார்மல். ஆனால் எங்கள் டாக்டரம்மா, எச்பிஏஒன்சி என்கிற டெஸ்டையும் எழுதிவிட்டார். அது எங்கள் லேபுக்கு அப்போதுதான் வந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் மூன்று, நான்கு மாதம். ஆக, கடந்த மூன்று மாதம் ஒரு ஆள் எப்படி இருந்தார் என்று அந்த டெஸ்ட் சொல்லிவிடும். இரண்டு நாள் பாகற்காய் அதனிடம் செல்லாது.

ரிசல்ட் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் பாயும் சர்க்கரை நோயாளி. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு பாய் மட்டும் என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், ஒரு நம்பர்தானே. கொஞ்சம் கொறச்சிப் போட்டுக் குடுங்க. அக்கா சாவக் கெடக்குது."

"பாய், நீங்க அக்காவக் காப்பாத்தப் போறீங்களா, இல்ல பக்கத்து பெட்ல போய்ப் படுக்கப் போறீங்களா? இருக்கற ரெண்டு கிட்னில ஒண்ணக் குடுத்துட்டு, அப்பறம் உங்களுக்கும் சுகர் வந்தா மிச்சம் இருக்கறதும் போயிடும். அப்ப அக்கா அத உக்காந்து பாத்துட்டு இருக்கணுமா?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாய் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் ஜீனுங்க டாக்டரம்மா. எங்க தலையெழுத்து," என்றார் பாய்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க வீட்ல பிரியாணி அண்டா இருக்கா பாய்?"

"கீது. ரெண்டு கீது."

"தினமும் அடுப்புல ஏத்துவீங்களா?"

"கல்யாணம், பெருநாள்னாதான்."

"அண்டா இருக்குங்கறதுக்காக தினம் பிரியாணி ஆயிடலல்ல? ஜீனும் அப்படித்தான். அத்தா குடுத்தது உங்க உடம்புல இருக்கு, அத மாத்த முடியாது. ஆனா எந்த ஜீன் வேலை செய்யும், எது சும்மா கெடக்கும்ங்கறதுல நீங்க சாப்பிடறது, நடக்கறது, தூங்கறது எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. கேரன்டி குடுக்க மாட்டேன். மூணு மாசம் ஒழுங்கா இருந்துட்டு வாங்க."

"அக்கா தாங்குமா?"

"டயாலிசிஸ்ல தாங்குவாங்க."

3. மூன்று மாதம்

விடிகாலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் கன்டோன்மென்ட் ரோட்டில் பாய் நடப்பதை, எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிற எங்கள் கம்பவுண்டர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் நம்பவில்லை. பிறகு பாயின் மனைவியே நூர்ஜஹானுக்கு மருந்து வாங்க வந்தபோது சொன்னார். "சோத்த பாதியாக் கொறச்சிட்டாரு. கீரையும் அவரக்காயும் ஆஞ்சு ஆஞ்சு என் கைதான் ஓஞ்சு போச்சு. டீல சக்கரையே இல்ல. எட்டரைக்கெல்லாம் கடைய மூடிட்டு வந்து தூங்கறாரு. வூடே அமைதியாக் கீது."

மூன்று மாதம் கழித்து வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. "பாஸா?" என்று கேட்கவில்லை. கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் என் வாயில் ஜெபம்தான். நம்பர் இறங்கி, நன்றாகவே நார்மலுக்குள் வந்துவிட்டது. என் சர்வீஸிலேயே நான் ஓடிப்போய்க் கொடுத்த ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் வந்த செய்தி எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டது. ஆபரேஷன் செய்யவேண்டிய பெரிய ஆஸ்பத்திரியில் பாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நார்மல்தான், ஆனால் குடும்பமே சர்க்கரைக் குடும்பம், இன்னும் பல வருடம் வாழவேண்டியவர், பின்னால் சர்க்கரை வந்தால் ஒற்றைக் கிட்னி தாங்காது என்றார்கள். நியாயம்தான். கடைசியில் நூர்ஜஹானின் கணவருக்கு டெஸ்ட் செய்து பார்த்தார்கள்; பொருந்தியது, அவரே தந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இனி பாய் பழையபடி பரோட்டாவுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். எதற்காக வாயைக் கட்டினாரோ அந்தக் காரியமே இல்லை என்றாகிவிட்டதே.

ஆனால் அடுத்த மூன்றாவது மாதம், யாரும் எழுதிக் கொடுக்காமலே பாய் வந்து கையை நீட்டினார்.

"எதுக்கு பாய்? யாரு கேட்டாங்க?"

"அக்கா கேட்டுச்சு சிஸ்டர்."

ஊசியை எடுத்தபிறகு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்துச்சு. என்னால குடுக்க முடிலயேக்கான்னு அழுதேன். அதுக்கு அக்கா சொல்லுச்சு: 'கிட்னி யாரு வேணா குடுப்பாங்கடா. எனக்குத் தம்பிய யாருடா குடுப்பா?'"

நான் ட்யூபில் அவர் பெயரை எழுதி ஸ்டாண்டில் வைத்தேன்.

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கட்டுப்பாடாக இருக்கிற எல்லாருக்கும் நம்பர் இறங்கிவிடாது. அப்படி இருந்தும் சர்க்கரை வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் 'எங்க குடும்பமே இப்படித்தான்' என்று கைவிட்டவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.