சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்

இன்று என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீடு வரை வந்துவிட்டார்கள். வாசலுக்குத்தான் வரவில்லை!

மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார்.

"சார், வந்து சேந்துட்டீங்கன்னு மேப் சொல்லுது. எதிர்ல சுவர்தான் இருக்கு. அதுக்கு மேல மாடியில ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கி காயுது."

(என்னுடையதுதான்.)

மேனாம்பேட்டில் எங்கள் நகரும் பின்பக்க நகரும் ஒரு காலத்தில் ஒரே வயல். இரண்டு பேர் வாங்கி, ஆளுக்கொரு லேஅவுட் போட்டார்கள். தெருக்களைச் சேர்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் சுவர்! பாடியிலிருந்து திருநின்றவூர் வரை ஊர் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. நகருக்குப் பின்னால் நகர், எல்லாம் முட்டுச்சந்து.

சுற்றி வர மெயின் ரோடு, சிக்னல், ஞாயிற்றுக்கிழமை நெரிசல். ராகு காலமோ நெருங்கிவிட்டது. அதற்குள் பார்க்காவிட்டால் சகுனம் சரியில்லை என்று திரும்பிவிடுவார்கள்!

"ஊடு வாங்கறப்ப பின்னாடி இன்னா கீதுன்னு பாத்தியாய்யா?" என்றாள் மனைவி. (டென்ஷனானால் பிறந்த ஊர் பாஷை வந்துவிடும்.)

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"சார், ஏணி வோணுமா? சுத்திகினு வந்தா ராவுகாலம் பூந்துரும்!"

பெயர் முருகேசன், பெயின்டராம். பல வருடங்களாக அவர் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணித்தான் நாங்கள் பருப்பை இறக்குகிறோம். சுவருக்கு மேல் எட்டிய அந்த முகத்தை இன்றுதான் பார்த்தேன்!

ஏணி வந்தது. மாப்பிள்ளை தயார். அவர் அம்மாவும் முந்தானையைச் செருகிவிட்டார். அப்பாதான் கையை விரித்தார்.

"மூட்டு வலி சார். நான் எங்க ஏறுறது?"

அவர் பார்க்காமல் பேச்சே இல்லையாம்.

போச்சு! நான் மாடிக்கும் வாசலுக்கும் ஓடினேன். (பிரயோஜனம் இல்லை. சும்மா நிற்க முடியவில்லை.)

திரும்பிப் பார்த்தால், என் மகள் பட்டுப்புடவையோடு ஸ்டூல் போட்டு ஏறி, சுவர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்!

"அங்கிள், நான்தான் பொண்ணு. நல்லாப் பாத்துக்கோங்க, டைம் ஆவுது!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஒரு வெடிச்சிரிப்பு.

"சம்பந்தி! எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு!"

('சார்' சம்பந்தி ஆன கணம்!)

மாப்பிள்ளை ஏணியில் நின்றபடியே அவளோடு கொஞ்ச நேரம் பேசினார். "எனக்கும் ஓகேப்பா!" என்று மேலிருந்தே கத்தினாள். பஜ்ஜித் தட்டு சுவர் தாண்டிப் போனது.

சம்பந்திக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"சீர், நகையெல்லாம் வேணாம். நிச்சயதார்த்தத்துக்குள்ள இந்தச் சுவத்துல ஒரு கதவு வெச்சுடுங்க!"

சத்தம் கேட்டு வந்த இரண்டு நகர்ச் சங்கத் தலைவர்களும் பஜ்ஜியும் கையுமாகச் சம்மதித்துவிட்டார்கள்! இப்போது ஒரே தகராறு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள். சீக்கிரம்!

முருகேசன் கடப்பாரையோடு நிற்கிறார்.