கம்ப்யூட்டருக்குள் ஒரு மலைக்கிராமம்

ஓர் ஊர்ச் சனங்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று கம்ப்யூட்டரைச் சொல்லவைப்பது அப்போது என் வேலை. கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு உடனே புரியும். எண்பதுகளின் தொடக்கம் அது. ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் நான் விவரம் சேகரிப்பேன். சென்னையில் பேராசிரியர் அதையெல்லாம் அட்டைகளில் துளையாகப் போட்டு, அதேபோல ஓர் ஊரைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பார்.

பதினான்காம் கேள்வி

"மழை பெய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?" அதுதான் பதினான்காம் கேள்வி. முதல் வீடு வெள்ளச்சியக்காவுடையது. அதுவரை சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டேன். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய், 'மழை வரும்' என்று மூன்று தரம் சொல்லவைத்த பிறகுதான் திரும்ப உள்ளே விட்டார்.

"வெதச்ச வூட்ல வந்து மழ வராதுன்றியே, நாங்க உனக்கு இன்னாம்மா கெடுதல் செஞ்சோம்?"

காத்திருந்த சனங்கள்

முதல் ஓட்டத்தில், சாமை முற்றிய அன்றே கம்ப்யூட்டர் சனங்கள் அறுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். வெள்ளச்சியக்காவின் கணவர் சின்னப்பையனிடம் சொன்னேன். பதறிப்போனார். ஊர்ச் சாமிக்குப் படைக்காமல் புதுச் சாமையை யாரும் வாயில் வைக்க மாட்டார்களாம்.

உடனே எழுதி அனுப்பினேன். 'படையல் முடியும்வரை காத்திரு' என்று பேராசிரியர் ஒரு விதி சேர்த்தார். படையலுக்கு நாள் குறிக்க மட்டும் இருவருமே மறந்துபோனோம். களத்தில் தானியம் குவிந்து கிடக்க, கம்ப்யூட்டர் சனங்கள் பட்டினியோடு கட்டுப்பாடாகக் காத்திருந்தார்கள். போளூருக்கு இறங்கி வந்து, பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டு முடிவைக் கேட்டேன்.

"பக்தி ஜாஸ்தியாயிடுச்சு ஸ்டெல்லா. ஊர்ல ஒருத்தர்கூட மிச்சமில்ல."

அடுத்த ஊர்ச் சாமை

அடுத்த மாதம் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. கம்ப்யூட்டர் ஊர் நிஜ ஊர் மாதிரி நடக்கவில்லை என்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். பயத்தோடு சின்னப்பையனிடம் போனேன். "போன தடவை படையல் தள்ளிப்போனப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"மேலூர்ல படையல் முன்னாடியே முடிஞ்சிடும். பொண்ணு குடுத்த வூடு இருக்குது, போய்ட்டு நாலு நாள் சாப்ட்டு வருவோம்."

"அதுவும் புதுச் சாமைதானே?" என்று மடக்கினேன். அவர் அசரவில்லை.

"அது அவங்க சாமி உத்தரவு குடுத்ததுங்க. நம்ம சாமி நம்ம சாமையத்தான் பாக்கும்."

சாத்திய கதவுகள்

யார் வீட்டுப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினேன். புது அட்டைகள் போட்டு ஓடவிட்டதும் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். படையலுக்கு முந்தைய வாரம் ஊரே காலியாக இருக்கும் என்றும் காகிதத்தில் வந்தது. பேராசிரியர் நம்பவில்லை. தானே பார்த்துவிடுவதென்று அந்த வாரம் போளூரில் பஸ் பிடித்து மலையேறி வந்துவிட்டார்.

தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. ஆடு குட்டி போட்டதால் வெள்ளச்சியக்கா மட்டும் ஊரோடு தங்கிவிட்டிருந்தார். பேராசிரியர் காகிதத்தைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரிக்க ஆரம்பித்தார். என்னாலும் அடக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த வெள்ளச்சியக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளே இல்லாத வூட்டப் பாத்து இப்டி சிரிக்கிறவங்கள இப்பதாங்க பாக்குறேன்."

திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைத்தது. கணிப்பு பலித்ததில் அதிகம் அதிர்ந்துபோனது கணித்த நாங்கள்தான் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.