சந்தனம் வைத்ததும் நின்றுபோன இயந்திரம்

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு ஒன்று இருந்தது. இயந்திரங்கள் பாதுகாப்பானவையா என்று சோதித்துச் சான்று தருவது என் தொழில். இந்த ஆனி மாதம் மேலகரத்துப் பட்டறை ஒன்று கூப்பிட்டிருந்தது. வேலை பாதி, அருவி பாதி என்று கிளம்பிவிட்டேன்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலை எட்டு மணி வாக்கில் தென்காசி. அங்கிருந்து மேலகரம் மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். சீசனில் பேரம் பேசிப் பயனில்லை. "இம்புட்டுத் தூரம் வந்து மிஷினையா பாக்கப் போறிய?" என்று ஓட்டுநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பட்டறையை நடத்துபவர் முத்துலட்சுமி. பாக்குமட்டையைத் தட்டாக அழுத்தும் இயந்திரத்தைத் தானே வடிவமைத்துக் கட்டியிருந்தார். அவருடைய முதல் இயந்திரம். வாங்க வந்திருந்தவர் கேரளத்துப் புனலூர்க்காரர் ராஜன். பழைய இயந்திரத்தில் அவர் மனைவியின் விரல்நுனி போயிருந்தது. என் கையெழுத்து இல்லாமல் இதை வண்டியில் ஏற்றமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் உதட்டைப் பிதுக்கினால் முத்துலட்சுமியின் முதல் விற்பனை அதோடு சரி.

இங்கே கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான பாகத்தில் கை படாமல் காக்க வேண்டும் என்று சட்டம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எப்படிக் காப்பது, எவ்வளவு தள்ளி, காப்பே கெட்டுப்போனால் என்ன ஆக வேண்டும் என்பதெல்லாம் தொழில்நுட்பத் தரநிலையில் இருக்கும். சட்டம் இல்லாவிட்டால் தரநிலையை யாரும் மதிக்கமாட்டார்கள். தரநிலை இல்லாவிட்டால் சட்டத்தை எப்படி நிறைவேற்றுவது என்று யாருக்கும் தெரியாது.

முத்துலட்சுமி இரண்டு பக்கமும் லைட் கர்ட்டன் வைத்திருந்தார். இரண்டு தூண்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். கை குறுக்கிட்டால், மட்டையை அழுத்த இறங்கும் அச்சு நின்றுவிடும். பொத்தானை அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

"சாரே, ஓடாத மிஷினுக்கா ஞான் இத்தனை தூரம் வந்தேன்?" என்று ராஜன் எழுந்துவிட்டார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுச்சே சார்!" முத்துலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"காலையில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தொடலையே. பூசை மட்டுந்தான் போட்டோம். மொத மிஷின், சாமி கும்பிடாம வாசலத் தாண்ட விடுவமா?"

குனிந்து பார்த்தேன். தூண்களில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகச் சந்தனம், ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். கதிர் வெளிவரும் கண்ணாடியில்தான் அத்தனை பொட்டும்! பக்தியில் ஒரு குறையும் இல்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ராஜன், இதுதான் நல்ல இயந்திரம். கையோ தூசியோ அறுந்த கம்பியோ, கதிர் மறைந்தால் அச்சு இறங்கவே கூடாது என்கிறது தரநிலை. சந்தனத்தைக் கை என்று நினைத்து இறங்க மறுத்திருக்கிறது. நான் வைக்கவேண்டிய சோதனையை முத்துலட்சுமி காலையிலேயே வைத்துவிட்டார்."

ஈரத்துணியால் துடைத்தோம். பொத்தானை அழுத்தியதும் அச்சு சீராக இறங்கியது. கை நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் பாயும் என்று வைத்து, தூண்கள் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கிடச் சொல்கிறது தரநிலை. அச்சு நிற்க ஆகும் நேரத்தை அளந்து கணக்குப் போட்டேன். தூண்கள் தேவைக்கு மேலேயே தள்ளி இருந்தன. கடைசியாக ஒரு குச்சியை உள்ளே நீட்டினேன். பாதியில் நின்றது அச்சு. குச்சியில் கீறல்கூட இல்லை. அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

ராஜன் மனைவிக்குப் போன் போட்டார். "ஷீலா, மிஷின் கிட்டியாச்சு. இனி நீ பேடிக்கண்டா." இனி பயப்பட வேண்டாமாம். முத்துலட்சுமி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குற்றாலம் போகிறவர்களுக்கு: பேரருவிக்கு வாரநாளில் விடியற்காலை போங்கள், சனி, ஞாயிறில் வரிசையிலேயே பொழுது போய்விடும். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை அவசியம். புது இயந்திரத்துக்குப் பூசை போடுகிறவர்கள் சட்டகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசுங்கள், சென்சார் கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

அருவியில் குளித்துவிட்டுச் சாலைக்கு வந்தேன். செங்கோட்டைப் பக்கம் ஒரு மினி லாரி போனது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய இயந்திரம். முன்னால் ஓட்டுநருக்கும் ராஜனுக்கும் நடுவே முத்துலட்சுமி. புனலூரில் இறக்கி, ஷீலா ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று பட்டறையிலேயே சொல்லியிருந்தார். ஈரத்தலையோடு நடுச்சாலையில் இரண்டு கையையும் தூக்கி உற்சாகமாகக் கத்தினேன்.